கான்வாஸா, நைலானா, தோலா, தார்ப்பாயா? தினமும் மாட்ட ஒரு தோள்பை

என் வீட்டுப் பரணில் மூன்று தோள்பைகள் கிடக்கின்றன. ஒன்றின் ஜிப் இழுத்த பிறகும் வாயைப் பிளந்துகொள்ளும். இன்னொன்றில் வாரை மாட்டும் கொக்கி முறிந்துவிட்டது. மூன்றாவதன் உட்பூச்சு பிசுபிசுத்து, மீன் செதில்போல உரிந்து, மடிக்கணினியின் விசைகளுக்கு இடையே உதிரத் தொடங்கியது. மூன்றையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வெளித்துணியில் எதிலும் ஓட்டை இல்லை.

எந்தத் துணியில் வாங்கினால் நெடுநாள் வரும் என்று என்னிடம் கேட்பவர்கள், கான்வாஸ், நைலான், தோல் என்று நான்கைந்து பெயர்களை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தயங்குகிறார்கள். பரண் பைகளின் கதையைத்தான் அவர்களுக்கு முதலில் சொல்கிறேன். தினப் பயன்பாட்டில் பை நடுத்துணியில் கிழிவது அபூர்வம். வார் சேருமிடம், கொக்கி, ஜிப், உள்துணி, அடி மூலைகள் இவற்றில் ஏதோ ஒன்றுதான் முதலில் கைவிடும். துணியின் வேலை வேறு. பை எவ்வளவு கனக்கும், மழையில் என்ன ஆகும், எவ்வளவு கவனிப்புக் கேட்கும், உங்கள் சட்டையை என்ன செய்யும் என்பதெல்லாம் துணியைப் பொறுத்தவை. ஆகவே இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக வைத்துக்கொள்வோம்.

முதலில் பார்க்க வேண்டியவை

இங்கே பேசும் ஒற்றை வார்த் தோள்பைக்கு மெசஞ்சர் பை என்று பெயர். அது சைக்கிளில் கடிதமும் பொட்டலமும் கொண்டுபோனவர்களின் பை. முதுகில் கிடப்பதைக் கழற்றாமலே வயிற்றுப் பக்கம் இழுத்து, மூடியைத் தூக்கி, வேண்டியதை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி பின்னால் தள்ளிவிடலாம். அந்த வசதிக்காகத்தான் ஒற்றை வார். முழுச் சுமையும் வாரின் இரண்டு முனைகளில் தொங்குகிறது. படியிறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் அந்த இரண்டு இடங்களிலும் ஓர் உதறல் விழுகிறது.

எனவே முதல் சோதனை அங்கேதான். பைக்குள் கையை விட்டு, வார் சேரும் இடத்தை உட்புறமாகத் தடவுங்கள். சதுரமாகத் தைத்து அதற்குள் பெருக்கல் குறி போட்டிருந்தால் நல்லது. ஒரே இடத்தில் முன்னும் பின்னும் பல முறை ஓடி, தடித்த கோடுபோல் நெருங்கிய தையல் இருந்தாலும் நல்லது. பின்னால் ஒரு துண்டுத் துணி வைத்துச் சேர்த்துத் தைத்திருந்தால் இன்னும் நல்லது. வாரின் முனையைப் பக்கத் தையலுக்குள் செருகி ஒரே ஓட்டில் தைத்திருந்தால், மேல் துணி எதுவானாலும் அந்தப் பையைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

அடுத்தது கொக்கி. என் இரண்டாவது பை மாடிப்படியில்தான் விழுந்தது. 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முறிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெளியே பளபளவென்று பித்தளை நிறம். உள்ளே கற்கண்டை உடைத்ததுபோல மணல் மணலாகச் சாம்பல் நிறம். துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றி, மேலே மெல்லிய முலாம் பூசியிருக்கிறார்கள். இந்த வகைக் கொக்கி வளைந்து எச்சரிக்காது. ஒரு நாள் சட்டென்று முறியும். காந்தம் வைத்துப் பாருங்கள். பலமாக ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் பித்தளையா கலவையா என்பதைக் காந்தம் சொல்லாது. வளையத்தின் தடிமனையும் கொக்கி சுழலும் கழுத்தையும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். கொக்கியே இல்லாமல் வாரை நேரே பையோடு தைத்த மாதிரிகள் உண்டு. முறிவதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஆனால் வார் நைந்துபோனால் கழற்றி மாற்றவும் முடியாது.

வாரின் அகலம் ஐந்து சென்டிமீட்டருக்குக் கிட்டே இருந்தால் தோள் பிழைக்கும். நைலான் வார் பிடித்து நிற்கும். பாலிப்ரோப்பிலீன் வார் வழவழப்பானது. சரிசெய்யும் பக்கிளில் மெல்ல மெல்ல நழுவும், வெயிலில் சீக்கிரம் நொறுங்கும்.

ஜிப்பைப் பற்றி ஒரு சிறு விஷயம் தெரிந்தால் போதும். ரன்னரின் பின்புறத்தில் 5, 8, 10 என்று எண் போட்டிருப்பார்கள். மூடிய பல்வரிசையின் அகலம் ஏறத்தாழ அத்தனை மில்லிமீட்டர். பையின் பெரிய வாய்க்கு 8 அல்லது 10, உள்ளறைகளுக்கு 5 என்பது என் கணக்கு. 1934-இல் தொடங்கிய ஜப்பானிய நிறுவனமான ஒய்கேகேயின் பெயர் ரன்னரில் இருந்தால் பெரும்பாலும் நம்பலாம். முதலில் தேய்வது பெரும்பாலும் பற்கள் அல்ல, ரன்னர்தான். அதன் இரு பக்க உதடுகளையும் குறடால் மெல்ல நெருக்கினால் பல ஜிப்கள் மறுபடி மூடும். இல்லையென்றால் ரன்னரை மட்டும் மாற்றலாம். இது தெரியாமல் ஒரு நல்ல பையைப் பரணில் ஏற்றினேன். தெரிந்த பிறகும் அது அங்கேயே இருப்பதற்குக் காரணம் சோம்பல்.

வெற்றுப் பையின் எடையைப் பலரும் கேட்பதே இல்லை. மடிக்கணினி ஒன்றரைக் கிலோ, சார்ஜர் முந்நூறு கிராம், ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, குடையும் ஒரு புத்தகமும் சேர்ந்து முக்கால் கிலோ என்று வைத்தால் மூன்றரைக் கிலோ தாண்டிவிட்டது. இதன்மேல் பையின் எடை ஒரு கிலோவா இரண்டு கிலோவா என்பது சாயங்காலம் தோளுக்குத் தெரியும்.

இனி துணிகளுக்கு வருவோம்.

நைலான்

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது டெனியர் எண். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே டெனியர். 1000 டெனியர் என்றால் ஒன்பது கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ கனக்கும். அதாவது அந்த எண் நூலின் பருமனைத்தான் சொல்கிறது. எதனால் ஆன நூல், எவ்வளவு நெருக்கி நெய்தது என்பதைச் சொல்வதில்லை. ஒரே டெனியரில் நைலானும் பாலியெஸ்டரும் பக்கத்தில் இருந்தால், உராய்வைத் தாங்குவதில் நைலான் முந்தும். வெயிலைத் தாங்குவதிலும் நீரை உறிஞ்சாமல் இருப்பதிலும் பாலியெஸ்டர் முந்தும். 600 டெனியர் பாலியெஸ்டர் பை மட்டமானது என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தையல் நன்றாக இருந்தால் சில ஆண்டுகள் உழைக்கும்.

'பாலிஸ்டிக் நைலான்' என்ற பெயர் இரண்டாம் உலகப் போரில் வெடிகுண்டுச் சிதறல்களைத் தடுக்கும் அங்கிகளுக்காக உருவான துணியிலிருந்து வந்தது. இரண்டிரண்டு இழையாகக் கூடை பின்னுவதுபோல நெய்திருப்பார்கள். இன்று அந்தப் பெயரைத் தாங்கும் எல்லாம் அதே துணி என்று எண்ண வேண்டாம். 1680 என்று பெரிய எண் போட்ட பாலியெஸ்டரிலும் அந்தச் சீட்டு தொங்குகிறது. கார்டுராவும் அப்படித்தான். அது துணியின் வணிகப் பெயர். பையை யார் எப்படித் தைத்தார்கள் என்பதற்கு அந்தச் சீட்டு பொறுப்பேற்காது.

நைலானின் பலவீனம் உள்ளே இருக்கிறது. நீர் புகாமல் இருக்கத் துணியின் உட்புறத்தில் பாலியூரிதேன் பூசுகிறார்கள். காற்றின் ஈரமும் வெப்பமும் அந்தப் பூச்சைச் சில ஆண்டுகளில் சிதைத்துவிடும். முதலில் ஒட்டும், பிறகு ஒரு வாடை வரும், பிறகு உதிரும். மாட்டாமல் அலமாரியில் பூட்டி வைத்தாலும் இது நடக்கும். என் மூன்றாவது பை ஓராண்டு காற்றோட்டமில்லாத அலமாரியில் இருந்தது. பூச்சின் மேல் தனியாக ஓர் உள்துணி தைத்த பையில், உதிர்வது உங்கள் பொருள்கள் மேல் விழாது. அதனால் உள்துணி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு மறைமுகச் செலவு சட்டை. 1000 டெனியர் நைலானின் மேற்பரப்பு சொரசொரப்பானது. பை இடுப்பில் ஒரே இடத்தில் உரசிக்கொண்டிருப்பதால் பருத்திச் சட்டையில் பந்து பந்தாகத் திரளும், சாயம் வெளுக்கும். என் சட்டைகளில் எல்லாம் வலப்பக்க இடுப்பு மட்டும் பத்து வயது மூத்தது. பின்பக்கத்தில் வழவழப்பான துணி வைத்த பைகளும் 500 டெனியர் பைகளும் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். தினசரிச் சுமைக்கு 500 டெனியரே தாராளம்.

நடந்தும் கூட்டத்தில் நெருக்குண்டும் போய்வருகிறவர், பையைத் தரையில் போடுகிறவர், பராமரிப்பு என்ற சொல்லே பிடிக்காதவர் நைலானைத் தேர்ந்தெடுக்கலாம்.

கான்வாஸ்

பருத்திக் கான்வாஸுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. நனைந்தால் பருத்தி இழை வலுக்கூடும். நைலான் நனைந்தால் சற்று வலுக்குறையும். நனைந்த இழை பருத்து நெசவின் இடைவெளிகளை ஓரளவு அடைத்துக்கொள்ளும் என்பதால், நெருங்க நெய்த கான்வாஸ் சாரலைத் தாங்கிவிடும். பலத்த மழையைத் தாங்காது. நனைந்த பிறகு காய நேரம் எடுக்கும். ஈரத்தோடு மூலையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த இடத்தில் இழை மக்கும். கான்வாஸ் பையைக் கொல்வது மழையைவிட, மழைக்குப் பிறகான அலட்சியம்.

ஒரு சதுர மீட்டருக்கு 500 கிராமுக்கு மேற்பட்ட கனம் இருந்தால் பைக்குப் போதும். அதற்குக் கீழே போனால் மடிக்கணினியின் மூலைகள் அடியில் தெரிய ஆரம்பிக்கும். தேய்மானம் முதலில் வருவதும் அடி மூலைகளில்தான். நல்ல தயாரிப்பாளர் அங்கே இரட்டைத் துணியோ தோல் துண்டோ வைத்திருப்பார்.

மெழுகு பூசிய கான்வாஸ் வேறு குடும்பம். பாய்மரத் துணிக்கு எண்ணெய் தடவிய மாலுமிகளின் பழக்கத்திலிருந்து வந்தது. மழை முத்துமுத்தாக உருண்டோடும், மடித்த இடமெல்லாம் வெளிறிய கோடாகி ஓர் அழகு கூடும். விலையைத் தாண்டிய செலவுகளைக் கேளுங்கள்: இயந்திரத்தில் துவைக்கக் கூடாது. ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒரு முறை மெழுகு தேய்த்துச் சூடுகாட்ட வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் மெழுகு இளகி இருக்கையில் ஒட்டும். புதிதில் வெளிர் நிறச் சட்டையில் கறை படியும். வெப்பமான இடத்தில் வசிப்பவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். குளிரும் தூறலும் உள்ள ஊரில் இது அற்புதமான பை.

சாதாரணக் கான்வாஸின் பெரிய பலம் பழுதுபார்ப்பு. ஊசி, நூல், ஒட்டுத்துணி இருந்தால் யாரும் தைக்கலாம். ஒட்டுப் போட்ட கான்வாஸ் அவலட்சணமாகத் தெரிவதில்லை. நைலானில் போட்ட ஒட்டு அப்படியே துருத்திக்கொண்டு தெரியும்.

தோல்

'அசல் தோல்' என்று எழுதியிருந்தால் அது தோல் என்பது மட்டும் தெரிகிறது, எந்தத் தோல் என்பது தெரிவதில்லை. மாட்டின் தோலில் மேலடுக்குதான் இழைகள் நெருங்கிய வலுவான பகுதி. அதைச் சீவாமல் அப்படியே வைத்தது முதல் தரம். மேற்பரப்பைத் தேய்த்துக் குறைகளை மறைத்தது அடுத்த தரம். கீழடுக்கைப் பிரித்து மேலே வண்ணம் பூசியது அதற்கும் கீழே. தோல் தூளைப் பசையால் ஒட்டித் தகடாக்கியதும் தோல் என்ற பெயரில் விற்கிறது; அது ஓரிரு ஆண்டில் உரியும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். ஓரம் தெரியாதபடி எல்லாவற்றையும் மடித்து வண்ணம் பூசி மறைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். முதல் தரத் தோலில் மயிர்க்கால்களும் சின்னத் தழும்பும்கூட இருக்கும், விலங்கின் தோல்தானே.

பதனிடும் முறையிலும் வேறுபாடு உண்டு. குரோமியம் உப்பால் பதனிட்டது மெத்தென்றிருக்கும், நீரை ஓரளவு பொறுக்கும். மரப்பட்டைச் சாறுகளால் பதனிட்டது விறைப்பானது. ஆண்டு ஏற ஏற நிறம் ஆழும், ஒரு துளி மழை பட்டாலும் புள்ளி விழும். புள்ளி விழுந்ததற்கு வருந்துகிறவர் அதை வாங்க வேண்டாம்.

நல்ல தோல் பை இருபது ஆண்டு வரும். ஆனால் தானாக வராது. எண்ணெய்ப் பசை வற்றினால் வெடிக்கும். அளவுக்கு மீறித் தடவினால் தொளதொளக்கும். ஈரக்காற்றில் மூடி வைத்தால் வெண்பூஞ்சணம் பூக்கும். நனைந்தால் நிழலில், காற்றில்தான் உலர்த்த வேண்டும். சாயம் தோய்த்த புதுத்தோல் வெளிர் உடையில் நிறம் ஏற்றும். எல்லாவற்றையும்விட எடை. மடிக்கணினி கொள்ளும் தோல் பை வெறுமையாகவே ஒன்றரையிலிருந்து இரண்டரைக் கிலோ வரை இருக்கும்.

தையல் விட்டுப்போனால் பழைய துளைகளிலேயே மறுபடி தைக்கலாம் என்பது தோலின் தனிப் பெருமை. வாரும் கொக்கியும் மாற்றுவது எளிது. குறைவாகச் சுமப்பவர், குறைவாக நடப்பவர், வாரம் ஒரு முறை துடைத்து வைக்கும் பொறுமை உள்ளவர் வாங்கலாம்.

தார்ப்பாய்

லாரிகளை மூடும் பிவிசி பூசிய பாலியெஸ்டர் துணி. 1993-இல் சூரிச்சில் ஃப்ரைடாக் சகோதரர்கள் மார்கஸும் டேனியலும் பழைய லாரித் தார்ப்பாய், காரின் இருக்கைப் பட்டை, சைக்கிள் ட்யூப் ஆகியவற்றை வைத்துப் பை செய்யத் தொடங்கினார்கள். அதன் பிறகு இந்த வகை பரவியது. மழைக்கு இதை வெல்ல ஆளில்லை, குறிப்பாகத் தைக்காமல் சூட்டில் ஒட்டிய பைகளை. தைத்தவற்றில் ஊசித் துளை வழியே நீர் கசியலாம்.

கனமும் விறைப்பும் உண்டு, புதிதில் வாடை உண்டு. உள்ளே ஈரக் குடையை வைத்தால் அந்த ஈரமும் வெளியே போகாது, காகிதங்கள் சுருளும். ஆண்டுகள் கடந்தால் மடியும் இடத்தில் வெடிப்பு வரும். சைக்கிளிலோ இருசக்கர வாகனத்திலோ எந்த மழையிலும் போயே ஆக வேண்டியவருக்கு இது.

ரெக்சினைப் பற்றி ஒரு வரி போதும்: நைலானின் உட்பூச்சுக்கு வரும் நோய் இதற்கு வெளியே, எல்லாரும் பார்க்கும் இடத்தில் வரும்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | நைலான் | கான்வாஸ் | மெழுகுக் கான்வாஸ் | தோல் | தார்ப்பாய் |
|---|---|---|---|---|---|
| வெற்று எடை | குறைவு | நடுத்தரம் | நடுத்தரத்துக்கு மேல் | அதிகம் | நடுத்தரத்துக்கு மேல் |
| மழை | பூச்சு உள்ளவரை நன்று | சாரல் மட்டும் | நன்று | வகையைப் பொறுத்தது | மிக நன்று |
| கவனிப்பு | துடைத்தால் போதும் | உலர்த்த வேண்டும் | மெழுகு பூச வேண்டும் | தொடர்ந்து வேண்டும் | துடைத்தால் போதும் |
| வீட்டில் பழுதுபார்ப்பு | சிரமம் | எளிது | எளிது | கைப்பழக்கம் வேண்டும் | ஒட்டுத்தான் |
| உடைக்கு வரும் தொல்லை | உரசல் | அநேகமாக இல்லை | மெழுகுக் கறை | சாயக் கறை | வியர்வை |
| முதலில் பழுதாவது | உட்பூச்சு | அடி மூலை | மடிப்பு | தையல் நூல் | மடிப்பு |

மூடியா, ஜிப்பா

மெசஞ்சர் பையின் மடிப்பு மூடி மழையை வடித்துவிடும். ஆனால் இரு பக்க ஓரங்களும் திறந்தே இருக்கும்; நெரிசலில் ஒரு கை நுழைய அது போதும். மூடிக்கு அடியில் ஜிப்பும் இருந்தால் பாதுகாப்பு, அதே சமயம் ஒவ்வொரு முறையும் இரண்டு வேலை. மூடியை வெல்க்ரோவால் மட்டும் மூடும் பைகளை நான் தவிர்க்கிறேன். நூலும் முடியும் அடைத்துப் பிடி தளர்வது ஒரு காரணம். அமைதியான கூட்டத்தில் அது எழுப்பும் 'சர்ர்' என்ற ஓசைக்கு எல்லாத் தலைகளும் திரும்பும் என்பது இன்னொன்று.

நான் எதை எடுப்பேன்

பெரும்பாலானவர்களுக்கு என் பதில் 500 டெனியர் நைலான், தனியாகத் தைத்த உள்துணி, அகல வார். வீட்டிலேயே ஊசி பிடிக்கத் தெரிந்தவருக்கும் மழை அதிகம் படாதவருக்கும் கனமான சாதாரணக் கான்வாஸ். நீண்ட காலக் கணக்கில் அதுவே மலிவு என்று நினைக்கிறேன். தோல் அழகு. அதை நான் மறுக்கவில்லை, தினமும் சுமக்க மட்டும் மறுக்கிறேன்.

அளவில் ஒரு படி சிறியதையே எடுங்கள். 12 முதல் 15 லிட்டர் வரை தினசரிக்குப் போதும். பெரிய பை காலியாக இருப்பதில்லை. தேவையற்றவை எப்படியோ உள்ளே குடியேறிவிடும். வாழ்நாள் உத்தரவாதம் என்ற சொல்லைப் பார்த்து மயங்குமுன், பையை அனுப்பும் செலவு யாருடையது, தேய்மானம் அதில் அடங்குமா என்ற இரண்டையும் படித்துவிடுங்கள். பெரும்பாலும் தேய்மானம் அடங்காது.

நாள்தோறும் ஐந்து கிலோவுக்கு மேல் சுமப்பவர் இந்தப் பட்டியலை மூடிவிட்டு இரண்டு தோளிலும் மாட்டும் முதுகுப்பையைப் பார்க்கலாம். ஒற்றை வாரில் எவ்வளவு பஞ்சு வைத்தாலும் சுமை ஒரு தோளில்தான் விழும். ஏற்கெனவே கழுத்தோ தோளோ வலிக்கிறவருக்கும் அதுவே பொருந்தும்.

இப்போது நான் மாட்டுவது கருநீல நைலான் பை. வாங்கி வந்த அன்றே கொக்கிகள் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு எஃகு வளையம் மாட்டினேன். அவற்றில் ஒன்றைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். உள்ளே அதே சாம்பல் நிறம்.